மீன்குளத்து நீரைப் பாய்ச்சலாமா?

கேள்வி: எங்கள் நிலத்தை ஒட்டி நன்னீர் மீன்பண்ணை ஒன்று உள்ளது. மீன் பிடிக்கும்போது குளத்திலிருந்து வெளியேற்றும் நீரைக் கீரைக்கும் காய்கறிக்கும் பாய்ச்சி வருகிறேன். விளைச்சல் நன்றாகவே இருக்கிறது. அந்த நீரில் தீய பாக்டீரியாக்கள் இருக்கும் என்று சிலர் எச்சரித்ததால் ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்தேன். ஈ.கோலி மிகக் குறைவு என்று முடிவு வந்தது. இதை நம்பித் தொடரலாமா?

பதில்: சோதித்துப் பார்த்தது நல்ல காரியம். ஆனால் அந்த ஒரு முடிவை மட்டும் நம்பி நீரைப் பாதுகாப்பானது என்று கருத முடியாது. ஈ.கோலி, மனிதர், கால்நடை, பறவை போன்ற வெப்பக் குருதி உயிர்களின் குடலில் வாழ்வது. அது குறைவாக இருந்தால், சாணமோ கோழி எருவோ மனிதக் கழிவோ அண்மையில் பெருமளவில் குளத்தில் கலக்கவில்லை என்று கொள்ளலாம். மீனையும் குளத்தையுமே இருப்பிடமாகக் கொண்ட ஏரோமோனாஸ், எட்வர்ட்சியெல்லா போன்ற பாக்டீரியாக்களைப் பற்றி அது எதுவும் சொல்லாது. இவை மீன்களுக்கு நோய் தருவதோடு, காயத்தின் வழியாகவோ வாய் வழியாகவோ உடலில் புகுந்தால், குறிப்பாக நோய் எதிர்ப்பாற்றல் குன்றியவர்களுக்குத் தொல்லை தரக்கூடியவை. ஆகவே ஏரோமோனாஸையும் சேர்த்துச் சோதிக்கும்படி ஆய்வகத்திடம் கேளுங்கள்.

எனக்கு இதைவிடக் கவலை தருவது, பாக்டீரியாக்கள் மருந்துக்கு அடங்காத தன்மை பெறுவது. ஆக்சிடெட்ராசைக்ளின் போன்ற ஆன்டிபயாடிக் மருந்தைத் தீவனத்தில் கலந்து கொடுத்தால், மீனின் குடல் அதில் சிறு பங்கையே உறிஞ்சுகிறது. எஞ்சியது கழிவோடும் உண்ணப்படாத தீவனத்தோடும் அடிவண்டலில் தங்கிவிடுகிறது. அங்கே குறைந்த அளவு மருந்திலேயே நெடுநாள் வாழும் பாக்டீரியாக்களில் அதைத் தாங்குபவை பெருகுவதோடு, அந்தத் திறனுக்குரிய மரபணுவைப் பிளாஸ்மிட் என்னும் சிறு டி.என்.ஏ. வளையம் வழியாக வேறு இனப் பாக்டீரியாக்களுக்கும் கடத்திவிடுகின்றன. இப்படிக் கடத்தப்படும் மரபணு, மனிதருக்கு நோய் தரும் பாக்டீரியாவையும் சென்றடையலாம். எனவே பண்ணைக்காரரிடம் முதலில் கேட்க வேண்டியது, அண்மையில் என்ன மருந்து, எத்தனை நாள் கொடுத்தார் என்பதைத்தான்.

அடுத்து, எந்த நீரை எடுக்கிறீர்கள் என்பதைக் கவனியுங்கள். குளத்தை வடிக்கும்போது முதலில் வரும் நீர் ஓரளவு தெளிவாக இருக்கும். கடைசி ஐந்தில் ஒரு பங்குதான் வண்டலை வாரிக்கொண்டு வரும், பாக்டீரியாக்களும் அந்தத் துகள்களில் ஒட்டிக்கொண்டே வரும். அந்தக் கடைசி நீரை வயலில் விடாமல் தனிக் குழியில் தேக்கிப் படிய விடுவது, செலவு குறைந்த முறைகளில் ஆகச் சிறந்தது என்பேன். குளோரின் போட்டால் போதாதா என்று நீங்கள் கேட்கலாம். கலங்கிய நீரில் குளோரினின் பெரும்பகுதி கரிமப் பொருளோடு வினைபுரிந்து வீணாவதுடன், மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவுடன் சேர்ந்து, கிருமி கொல்லும் ஆற்றல் குறைந்த குளோராமைனாகவும் மாறிவிடும். புற ஊதாக் கதிரும் துகள்களின் நிழலில் ஒளிந்திருக்கும் பாக்டீரியாவைத் தொடாது. வண்டலை நீக்காமல் செய்யும் எந்தக் கிருமி நீக்கமும் பாதி வேலைதான்.

படிய வைத்த நீரையும் பச்சையாக உண்ணும் கீரைக்கும் காய்க்கும் பாய்ச்ச வேண்டாம். சமைத்து உண்ணும் பயிராக இருந்தாலும் இலையில் தெளிக்காமல் வேரடியில் விடுங்கள்.

கேள்வி: மீன்தொட்டி கழுவும் வேலை செய்கிறேன். விரலில் சிறு கீறல் பட்ட இடத்தில் மூன்று வாரம் கழித்துச் சிவந்த முடிச்சு தோன்றியுள்ளது. வலி இல்லை, ஆறவும் இல்லை. தொட்டி நீர் காரணமாக இருக்குமா?

பதில்: இருக்கலாம், தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள். மைக்கோபாக்டீரியம் மெரினம் என்னும் பாக்டீரியா இப்படித்தான் சில வாரங்கள் கழித்து வெளிப்படும். அது சுமார் 30 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் நன்கு வளர்வதால், உடலின் உட்பகுதியைவிடக் குளிர்ந்த கைவிரல்களையே பெரும்பாலும் பற்றுகிறது. வழக்கமான சோதனையில் எளிதில் பிடிபடாது என்பதால், மீன்தொட்டியில் வேலை செய்வதை நீங்களே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். சிகிச்சை பல மாதங்கள் நீளலாம். முடிச்சு மறைந்ததும் நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். சிகிச்சை முடியும்வரை நீர் புகாத கையுறை இல்லாமல் தொட்டியில் கை வைக்க வேண்டாம்.