ஹாஸ்டலுக்கு வராதே என்கிறாள் மகள்

அம்மா, ஹாஸ்டலுக்கு வராதே என்று மகள் சொல்கிறாள், அவள் கல்லூரியை மாற்றிவிடலாமா என்று எழுதிக் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். முதல் செமஸ்டராவது முடியட்டும். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் அவள் வாங்கிய இடம் அது. பொறியியலுக்கு 2021-ல் வந்த ஒதுக்கீடு. படிப்புக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. யாருடைய தயவிலும் அவள் அங்கே உட்காரவில்லை.

ஆனால் கட்டணத்தோடு செலவு முடிவதில்லையே! பைபாஸை விட்டு உள்ளே தள்ளி இருக்கிற சுயநிதிக் கல்லூரியில், கேட்டைத் தாண்டினால் டீக்கடைகூட இருக்காது. நகரத்துக் கல்லூரி என்றால் சாயங்காலம் பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிடலாம். இங்கே ராத்திரியும் அதே முகங்கள்தான். டிபார்ட்மென்ட் டீ-ஷர்ட், பிறந்தநாள் ட்ரீட், ஐ.வி. (தொழிற்சாலையைப் பார்க்கப் போவது) என்கிற பெயரில் டூர்... எதுவும் கட்டாயமில்லை. எல்லாவற்றுக்கும் ஒதுங்கினால் மட்டும் எல்லோர் கண்ணிலும் படும்.

புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்குக்கு வர வேண்டும். கல்லூரி மூலம் பதிந்தாளா என்று கேளுங்கள். வந்தால் அதை வீட்டுச் செலவுக்குக் கேட்காதீர்கள் (கோபிக்காதீர்கள், நிறைய வீடுகளில் நடக்கிறது). ட்ரீட்டை அவள் தாராளமாகத் தவிர்க்கலாம். டிபார்ட்மென்ட் நடத்துகிற சிம்போசியத்தை, அதாவது மாணவர்களின் தொழில்நுட்பக் கருத்தரங்கைத் தவிர்க்கக் கூடாது. அங்கே சேர்ந்து வேலை செய்கிறவர்கள்தான் பின்னால் ப்ராஜெக்டுக்கும் கூப்பிடுவார்கள், வேலை காலியிருந்தால் சொல்லவும் செய்வார்கள். அதே ஒதுக்கீட்டில் வந்த சீனியர் அக்கா யாராவது இருப்பார். அவரைத் தேடிப் பிடிக்கச் சொல்லுங்கள். எந்தச் செலவைத் தள்ளலாம் என்பது என்னைவிட அவருக்குத் தெரியும்.

சரி, உங்களை அதிகம் வருத்திய விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் பனியன் கம்பெனியில் செக்கிங், அப்பா டைலர். அவளோ ரூம்மேட்களிடம் 'கார்மென்ட்ஸ் பிசினஸ்' என்று சொல்லி வைத்திருக்கிறாள். அதனால்தான் உங்களை வராதே என்கிறாள். உங்களைப் பிடிக்காமல் இல்லை, அகப்பட்டுக்கொள்வோமோ என்ற பயம். பதினேழு வயதில் இது பெரிய குற்றமில்லை, ஆனால் செலவு வைக்கிற பொய். கார்மென்ட்ஸ் முதலாளி மகள் ட்ரீட் வைத்துத்தானே ஆக வேண்டும்? நீங்களாகப் போய் உடைத்துவிடாதீர்கள். நம்பிக்கையான ஒரு தோழியிடம் அவளே உண்மையைச் சொல்லட்டும், அதுவரை பொறுங்கள். வேலைக்கான இன்டர்வியூவில் குடும்பத்தைப் பற்றிக் கேட்பார்கள். இப்போதே மறைத்துப் பழகியவர்கள் அங்கே திணறுவதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

யாராவது வசதியைச் சொல்லியோ ஊரைச் சொல்லியோ அவளைக் கேலி செய்து துன்புறுத்தினால் அது வேறு கணக்கு. பொருளாதாரப் பின்னணியை வைத்துத் துன்புறுத்துவதும் ராகிங்தான் என்று யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2016-லேயே விதியில் சேர்த்துவிட்டது. முதலில் வார்டனிடம் சொல்லட்டும். பலனில்லை என்றால் 1800-180-5522 என்ற இலவச எண்ணுக்குப் பேசலாம்.

அப்புறம், தினமும் போனில் 'சாப்பிட்டாயா, அழுதாயா' என்பதோடு மேத்ஸ் எப்படிப் போகிறது என்றும் கேளுங்கள். தமிழ் வழியில் படித்துவிட்டு வருகிறவர்களை முதல் செமஸ்டரில் அதிகம் கவிழ்ப்பது அதுதான். அரியர் நிலுவையில் இருந்தால் பல கம்பெனிகள் கேம்பஸ் இன்டர்வியூவுக்கே உட்கார விடுவதில்லை.