பெர்ரி நிறமி செல்லுக்குள் என்ன செய்கிறது? கேள்வி பதில்

கேள்வி: மேடம், புளூபெர்ரியின் நீலமும் ஸ்ட்ராபெர்ரியின் சிவப்பும் ஒரே பொருளா?

பதில்: ஒரே குடும்பம், ஆந்தோசயனின். ஸ்ட்ராபெர்ரியில் பெலார்கோனிடின் வகை அதிகம். புளூபெர்ரியில் மால்விடின், டெல்பினிடின் வகைகள்.

கேள்வி: செல்லைச் சேதப்படுத்தும் நிலையற்ற மூலக்கூறுகளான ஃப்ரீ ராடிக்கல்களை இது பிடித்து அழிக்கும் என்கிறார்களே, உடம்புக்குள்ளும் அப்படித்தானா?

பதில்: சோதனைக் குழாயில் சரி. உடம்பில் கணக்கு இடிக்கிறது. சாப்பிட்ட பின் ரத்தத்தில் முழு நிறமியாகச் சுற்றுவது பெரும்பாலும் நானோமோலார் அளவு. செல்லில் ஏற்கெனவே உள்ள குளூட்டாதயோன் என்ற பாதுகாப்புப் பொருளோ மில்லிமோலார் அளவு, அதாவது பல்லாயிரம் மடங்கு. அதற்கு நடுவே இந்தத் துளி நிறமி நேரடியாகச் சாதிப்பது சொற்பம்.

எனக்கு நம்பத் தகுந்ததாகத் தோன்றுவது வேறு வழி. என்ஆர்எஃப்2 என்றொரு புரதம் உண்டு. கீப்1 என்ற இன்னொரு புரதம் அதைப் பிடித்துச் சிதைவுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். நிறமியோ அதன் உடைபொருளோ ஆக்ஸிஜனேற்றம் அடைந்து கீப்1-இல் உள்ள சிஸ்டீன் என்ற அமினோ அமிலங்களைச் சீண்டினால் பிடி தளரும். என்ஆர்எஃப்2 உட்கருவுக்குள் போய், குளூட்டாதயோன் தயாரிக்கும் நொதிகள், ஹீம் ஆக்ஸிஜனேஸ்-1 என்ற பாதுகாப்பு நொதி ஆகியவற்றின் மரபணுக்களை முடுக்கிவிடும். வேடிக்கையைப் பாருங்கள்: ஆக்ஸிஜனேற்றத் தடுப்பான் என்று பெயர் வாங்கியது, லேசான ஆக்ஸிஜனேற்றத் தொல்லை கொடுத்துத்தான் வேலையை நடத்துகிறது!

கேள்வி: நான் முதுகலை மாணவி. வளர்ப்புச் செல்களில் 50 மைக்ரோமோலார் சயனிடின் (இதே குடும்ப நிறமி) சேர்த்ததும், ஆக்ஸிஜனேற்றத்தைக் காட்டும் டிசிஎஃப் சாயத்தின் ஒளிர்வு குறைந்தது. இது போதுமா மேடம்?

பதில்: போதாதும்மா. அந்தச் செறிவு ரத்தத்தில் எட்டாதது. அப்புறம், இந்த நிறமிகள் உள்ளிட்ட பாலிஃபீனால்கள் வளர்ப்பு ஊடகத்திலேயே ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்கும். செல் அதற்குக் காட்டிய எதிர்வினையைத்தான் நீ அளந்திருக்கலாம். செல் இல்லாத ஊடகம் ஒன்று, பெராக்சைடைச் சிதைக்கும் கேட்டலேஸ் நொதி சேர்த்தது ஒன்று என ஒப்பீடு வை. சாயம் சேர்க்கும் முன் செல்களைக் கழுவினாயா? நிறமி மிச்சமிருந்தால் அதுவே ஒளியை விழுங்கிவிடும்.

கேள்வி: ரத்தத்துக்கே சரியாகப் போகவில்லை என்றால் சாப்பிடுவது வீண்தானே?

பதில்: இல்லை. 2013-இல் வந்த ஓர் ஆய்வில், தடம் பின்தொடர கார்பன்-13 என்ற கனமான கார்பனால் அடையாளமிட்ட சயனிடின் குளூக்கோசைடை 8 ஆண்களுக்கு 500 மில்லிகிராம் கொடுத்தார்கள். சுமார் 12% சிறுநீரிலும் மூச்சிலும் வெளிவந்தது. ரத்தத்தில் தென்பட்டவை பெரும்பாலும் ஹிப்யூரிக் அமிலம் போன்ற உடைபொருள்கள்; அதில் குடல் பாக்டீரியாக்களின் பங்கு பெரிது. செல்லைப் போய்த் தொடுவதும் அவைதான்.

கேள்வி: ஓஆர்ஏசி எண் (ஆக்ஸிஜனேற்றத் தடுப்புத் திறனின் அளவு) அதிகமுள்ள பெர்ரிப் பொடி வாங்கலாமா?

பதில்: அந்த எண்ணுக்காக வேண்டாம். அது சோதனைக் குழாய் அளவு. உடம்பில் என்ன நடக்கும் என்பதை அது காட்டாததால் அமெரிக்க வேளாண் துறையே தன் ஓஆர்ஏசி பட்டியலை 2012-இல் எடுத்துவிட்டது.