இந்தியாவில் சிறுதொழில் தொடங்குவது எப்படி? மலையகத்தாரின் கேள்விகளுக்குப் பதில்கள்

தலவாக்கலையிலிருந்து ஒரு சகோதரி: 1970களில் கோத்தகிரிக்குப் போன என் சித்தப்பாவின் பெயரில், என் முதலைப் போட்டு, கோயம்புத்தூரில் தேயிலைக் கடை திறக்கலாமா?

பதில்: வேண்டாம், சகோதரி. தோட்டத் தமிழரில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்ப வழிசெய்த 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் பிரித்த குடும்பங்களுக்குள் பாசம் இன்னும் வற்றவில்லை. அந்தப் பாசத்துக்குப் பழுது வராமல் இருக்கவேனும் கணக்கு எழுத்தில் இருக்க வேண்டும். கடை சித்தப்பாவின் பெயரில் இருந்தால், சரக்கும் வங்கிக் கணக்கும் சட்டத்தின் கண்ணில் அவருடையவை. நாளை அவருடைய பிள்ளைகள் பங்கு கேட்டால் உங்கள் கையில் ஒரு துண்டுக் காகிதமும் இராது. மேலும், இலங்கையில் வாழும் இலங்கைக் குடிமகன் இந்திய ரிசர்வ் வங்கியின் அனுமதியின்றி அங்குள்ள தனிநபர் வியாபாரத்திலோ கூட்டு வியாபாரத்திலோ முதலிட முடியாது.

சரியான வழி பிரைவேட் லிமிடெட் கம்பனி. அதற்குக் குறைந்தது இரண்டு பங்குதாரர்களும் இரண்டு இயக்குநர்களும் வேண்டும். இயக்குநர்களில் ஒருவர் நிதியாண்டில் 182 நாட்களாவது இந்தியாவில் தங்கியவராக இருக்க வேண்டும். அந்த இடத்தில் சித்தப்பாவின் மகனை வைத்து, பெரும்பான்மைப் பங்குகளை உங்கள் பெயரில் வைத்துக்கொள்ளுங்கள். நில எல்லையைப் பகிரும் நாடுகளின் முதலீட்டுக்கு 2020இல் விதிக்கப்பட்ட முன் அனுமதி, கடல் நடுவே இருக்கும் நமக்குப் பொருந்தாது. ஆனால் பல நிறுவனங்களின் பொருட்களை வைத்துச் சில்லறையாக விற்பது, வெளிநாட்டு முதல் உள்ள சிறு கம்பனிக்குத் திறந்த துறையன்று. ஆகவே கடைகளுக்கும் உணவகங்களுக்கும் விற்கும் மொத்த வியாபாரமாகவே தொடங்குங்கள். அதில் முழு முதலும் உங்களுடையதாக இருக்கலாம். பணம் வங்கி வழியாகவே போக வேண்டும். பங்கு ஒதுக்கிய 30 நாட்களுக்குள் ரிசர்வ் வங்கிக்கு அறிவிக்க வேண்டும்.

பண்டாரவளையிலிருந்து ஒரு அன்பர்: நம் தேயிலைக்கு அங்கே 100 வீத வரி என்கிறார்களே?

பதில்: பொதுவான இறக்குமதி வரி அதுதான். எனினும் 1998இல் கையெழுத்தாகி 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த இந்திய–இலங்கை சுதந்திர வர்த்தக உடன்படிக்கையின்படி, ஆண்டுக்கு 1.5 கோடி கிலோ வரை 7.5 வீத வரியில் அனுப்பலாம். அதற்கு, சரக்கு இலங்கையில் உருவானது என்று காட்டும், இலங்கை வர்த்தகத் திணைக்களத்தின் உற்பத்தி மூலச் சான்றிதழ் வேண்டும். அனுப்புபவர் இலங்கை தேயிலைச் சபையில் ஏற்றுமதியாளராகப் பதிந்திருக்க வேண்டும். அங்கே உங்கள் கம்பனிக்கு இறக்குமதி–ஏற்றுமதிக் குறியீட்டெண்ணும் உணவுப் பாதுகாப்பு உரிமமும் தேவை. பொதியில் இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும் உரிம எண்ணும் இருக்க வேண்டும். என் முதல் சரக்கில் சான்றிதழில் ஒரு நிறையும் விலைப்பட்டியலில் வேறொரு நிறையும் இருந்ததால் அது சுங்கத்தில் நின்றுவிட்டது. தவறு என்னுடையதே, கப்பலேற்றும் முன் இரண்டையும் வரிக்கு வரி ஒப்பிடுங்கள்.

ஹட்டனிலிருந்து ஒரு அன்பர்: களஞ்சியத்துக்கு அங்கே இடம் வாங்கலாமா?

பதில்: உங்கள் பெயரில், ரிசர்வ் வங்கியின் முன் அனுமதியின்றி முடியாது. ஐந்து ஆண்டுகளுக்கு மேற்படாத குத்தகைக்கு எடுக்கலாம். தொடக்கத்துக்கு அதுவே போதும்.

பதுளையிலிருந்து ஒரு தம்பி: என் பூட்டனார் திருச்சிப் பக்கத்திலிருந்து வந்தவர். அதனால் எனக்கு ஏதேனும் சலுகை உண்டா?

பதில்: பெரிய சலுகையே உண்டு, தம்பி. அவர் 1950 ஜனவரி 26இல் இந்தியக் குடியுரிமை பெறத் தகுதியுடையவராக இருந்தார் என்பதை ஆவணத்தால் காட்ட முடிந்தால், கொள்ளுப்பேரனான நீங்கள் இந்திய வம்சாவளியினரான வெளிநாட்டவருக்கு இந்தியா வழங்கும் வெளிநாட்டு இந்தியக் குடிமகன் (OCI) அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். முதலை இந்தியாவிலிருந்து திருப்பி எடுத்துச் செல்லாத முறையில் முதலிட்டால், அந்த அட்டை உள்ளவர் கூட்டு வியாபாரத்திலும் சேரலாம். விவசாய நிலமும் தோட்டமும் தவிர்த்த இடமும் வாங்கலாம். பழைய கடவுச்சீட்டு, பிறப்புப் பதிவு, தோட்டப் பதிவு என வீட்டுப் பெட்டியில் கிடக்கும் எந்தக் காகிதத்தையும் எறிந்துவிடாதீர்கள்.

நுவரெலியாவிலிருந்து ஒரு சகோதரர்: முதலில் காங்கேசன்துறைக் கப்பலில் பயணப் பையோடு சில கிலோ கொண்டுபோய் விற்றுப் பார்க்கட்டுமா?

பதில்: அன்பளிப்பாகச் சிறிது கொண்டுபோகலாம், விற்பனைக்கு வேண்டாம். சுற்றுலா வீசாவில் வியாபாரம் செய்ய அனுமதி இல்லை. நாகப்பட்டினத்தில் இறங்கும் முன்பே வணிக வீசா எடுத்துவிடுங்கள்; மாதிரிப் பொதிகளை மொத்த வியாபாரிகளிடம் காட்டி, விலை பேசி, கொள்வனவுக் கட்டளையை எழுத்தில் வாங்கிய பிறகு சரக்கை முறைப்படி அனுப்புங்கள்.