பெட்டியை எறிந்துவிடாதீர்கள்: வாரண்டிப் பார்சல் கேள்வி பதில்

யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியில் ஒரு மின்சாதனக் கடையில் 19 வருடம் வேலை செய்தேன். பழுதான பொருளை வாரண்டிக்குக் கொழும்புக்கோ வெளிநாட்டுக்கோ திருப்பி அனுப்பி, அது திரும்பி வரும்வரை தொல்லை கொடுப்பதுதான் என் வேலை. கேளுங்கள். பெயர் வேண்டாம், ஊரைச் சொன்னால் போதும். திருத்துவது எப்படி என்று மட்டும் கேட்காதீர்கள், அது வேறு ஆட்களின் தொழில்.

கொக்குவில்: லப்டொப் வாங்கி 5 மாதம். திரையில் கோடு விழுகிறது. கடைக்காரர் கொழும்புக்கு அனுப்பச் சொல்கிறார். எப்படிக் கட்டுவது?

கட்டுவதற்கு முதல் படம் எடுங்கள் தம்பி. நாலு மூலை, மூடி, அடியில் இருக்கும் தொடரிலக்கம், கோடு விழுந்த திரை, எல்லாம். வாரண்டியை மறுக்க அவர்கள் முதலில் சொல்வது "அடிபட்டிருக்கிறது" என்பதுதான். அந்த அடி உங்கள் வீட்டில் பட்டதா வழியில் பட்டதா என்பதற்குப் படத்தை விட வேறு சாட்சி இல்லை.

வாங்கின பெட்டி இருந்தால் அதற்குள் வைத்து, அந்தப் பெட்டியை இன்னொரு பெரிய பெட்டிக்குள் இறக்குங்கள். இடையில் எல்லாப் பக்கமும் இரண்டு அங்குலம் ரெஜிபோம், அந்த வெள்ளை நுரைப் பலகை. பத்திரிகைத் தாள் வேண்டாம், ஆனையிறவு தாண்ட முன்னமே அது அமுங்கிவிடும். ஒட்டின பிறகு குலுக்கிப் பாருங்கள். உள்ளே ஏதாவது நகர்ந்தால் கட்டினது பிழை.

பற்றுச்சீட்டின் பிரதியை வையுங்கள், மூலத்தைக் கொடுக்காதீர்கள். பழுதை இரண்டு வரியில் எழுதுங்கள்: எப்போது வருகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது. "வேலை செய்யவில்லை" என்று மட்டும் எழுதினால், அங்கே போட்டுப் பார்க்கும்போது வேலை செய்யும். பழுது இல்லை என்று திரும்பி வரும். அப்புறம், உள்ளே இருக்கிற கலியாணப் படங்களைப் பிரதி எடுத்துவிட்டு அனுப்புங்கள். அங்கே வட்டை அழித்துவிட, இங்கே அழுதவர்கள் நிறையப் பேர்.

சுன்னாகம்: போன் பின்பக்கம் வீங்கி மூடி எழும்பிவிட்டது. வாரண்டி இருக்கிறது. கூரியரில் போடலாமா?

வேண்டாம் பிள்ளை. சார்ஜ் போடாதீர்கள், அமுக்காதீர்கள், ஊசியால் குத்திக் காற்று எடுக்கச் சொல்லும் மச்சானை வீட்டுக்குள் விடாதீர்கள். வீங்கினது லித்தியம் பற்றரி. உள்ளே படலம் கிழிந்தால் தானாகச் சூடேறி எரியும், தண்ணீர் ஊற்றினாலும் இலேசில் அடங்காது. சேதமான லித்தியம் பற்றரியை விமானத்தில் ஏற்றவே கூடாது, அது உலகம் முழுக்க இருக்கிற விதி.

2016இல் சாம்சங் நோட் 7 எரியத் தொடங்கியபோது, திருப்பி அனுப்பச் சொன்ன வாடிக்கையாளருக்குக் கொம்பனி கொடுத்தது சாதாரண பெட்டி இல்லை. உள்ளே வெப்பம் தாங்கும் படலம் வைத்த பெட்டி, கையுறை, தரைவழியில் மட்டும் அனுப்பும்படி அறிவித்தல். அவ்வளவு பெரிய கொம்பனியே அப்படிச் செய்தது. நீங்கள் போனை ஒரு உலோகப் பாத்திரத்தில் வைத்து, எரியக்கூடிய பொருள் இல்லாத இடத்தில் விட்டுவிட்டு, சேவை நிலையத்துக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள்.

நல்லூர்: பவர் பேங்க் 20,000. பழுது. மகன் சிங்கப்பூர் போகும்போது அங்கே கொடுக்கலாமா?

வீங்காமல், சூடாகாமல், சும்மா வேலை செய்யாததாக இருந்தால் கைப்பையில் கொண்டு போகலாம். விமானத்தின் சரக்கறைக்குப் போகும் பெட்டிக்குள் வைக்கக் கூடாது. கணக்கு இதுதான்: வோல்ட்டை அம்பியர்-மணியால் பெருக்குங்கள். உங்கள் 20,000 மில்லி அம்பியர்-மணி என்பது 20 அம்பியர்-மணி. 3.7 வோல்ட்டை 20ஆல் பெருக்க 74 வாட்-மணி. 100 வரை கைப்பையில் விடுவார்கள், 100க்கும் 160க்கும் இடையில் விமானக் கொம்பனியின் அனுமதி வேண்டும், 160க்கு மேல் பயணியுடன் போகாது. பற்றரியைத் தனியாகச் சரக்காக அனுப்புவதென்றால் 2016 ஏப்ரலில் இருந்து பயணிகள் விமானத்தில் ஏற்றுவதில்லை. சரக்கு விமானத்திலும் 30 வீதத்துக்கு மேல் சார்ஜ் இருக்கக் கூடாது. அதனால்தான் கூரியர் கவுண்டரில் "உள்ளே பற்றரி இருக்கா?" என்று கேட்கிறார்கள். பொய் சொல்லாதீர்கள்.

குருநகர்: படகு மோட்டார் அனுப்ப வேணும்.

பெற்றோலைக் கடைசிச் சொட்டு வரை வடியுங்கள், எண்ணெயும்தான். மூடியைத் திறந்து ஒரு நாள் காற்றில் வையுங்கள். மணம் வந்தால் யாரும் ஏற்ற மாட்டார்கள், அது சரிதான். ஆனால் அண்ணை, அந்தப் பாரத்துக்கு முதலில் முகவரை வந்து பார்க்கச் சொல்லுங்கள்.

மானிப்பாய்: பெட்டி இல்லாவிட்டால் வாரண்டி இல்லையா?

இருக்கிறது. பெட்டி பாதுகாப்புக்கு.

உரும்பிராய் (ஹூஸ்டனில் இருந்து விடுமுறையில் வந்தவர்): அங்கே என் துப்பாக்கியில் குதிரை சிக்குகிறது. தயாரிப்பாளருக்கு வாரண்டிக்கு அனுப்ப லைசன்ஸ் கடைக்காரர் வழியாகத்தான் போக வேணுமா?

கேள்வி நல்லூர்த் தேருக்குள் கப்பல் வந்த மாதிரி இருக்கிறது. ஆனாலும் பார்சல் பார்சல்தான். என் மைத்துனர் டெக்சாஸில் அந்தத் தொழிலில் இருந்தவர், அவரிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்தது.

அமெரிக்க மத்திய சட்டப்படி, லைசன்ஸ் உள்ள தயாரிப்பாளருக்குத் திருத்த நீங்களே நேரே அனுப்பலாம். திருத்தினதையும், அல்லது அதே வகையில் மாற்றிக் கொடுப்பதையும் அவர்கள் உங்கள் வீட்டுக்கே திருப்பி அனுப்பலாம், இடையில் கடைக்காரர் தேவையில்லை. சில மாநிலங்களில் மேலதிகச் சட்டம் உண்டு. சிக்கல் சட்டத்தில் இல்லை, கூரியரில். பெரிய தனியார் கூரியர்கள் சாதாரண ஆளிடம் கவுண்டரில் துப்பாக்கி வாங்குவதில்லை. கைத்துப்பாக்கியைத் தபாலில் போடத் தடை விதித்த சட்டம் 1927இலேயே வந்தது. ஆகவே முதலில் தயாரிப்பாளரை அழைத்துத் திருப்பி அனுப்பும் இலக்கமும் கட்டணம் கட்டின ஒட்டுச்சீட்டும் வாங்குங்கள். அது இல்லாமல் பெட்டி கட்டவே தொடங்காதீர்கள்.

துப்பாக்கியில் ரவை போகும் அறையைத் திறந்து, காலியா என்று கண்ணால் பார்த்து, விரலாலும் தடவிப் பாருங்கள். ரவை அடுக்கும் மகசீனைக் கழற்றுங்கள். ஒரு ரவையும் அந்தப் பெட்டிக்குள் வேண்டாம். வெளியே துப்பாக்கி என்று எழுத வேண்டாம், கூரியர் அப்படி எழுதச் சொல்லவும் கூடாது என்று அங்கே சட்டம் இருக்கிறது. தொடரிலக்கத்தைப் படம் எடுங்கள். மற்றவர்களுக்குச் சொன்னதுதான் உங்களுக்கும்.

கிளிநொச்சி: அப்ப எங்கட பயிர்ப் பாதுகாப்புத் துவக்கு?

அங்கே சொன்ன ஒன்றும் இங்கே செல்லாது. இங்கே 1916ஆம் ஆண்டின் சுடுகலன் சட்டம், வருடா வருடம் அனுமதிப்பத்திரம். மாவட்டச் செயலகத்தில் கேளுங்கள். பார்சல் என்ற பேச்சே வேண்டாம் ஐயா.

நெல்லியடி: எதுக்கு இவ்வளவு கரைச்சல்? நான் 11 வருசமா கொழும்பு இரவு பஸ்சில்தான் போடுறன். விடிய வெள்ளவத்தையில் தம்பி எடுப்பான். ஒன்றும் தொலையவில்லை.

தொலையும்வரை தொலையாது. பஸ்சில் போட்டால் கொண்டக்டர் எழுதித் தரும் துண்டில் உங்கள் தொலைபேசி இலக்கம் இருக்கும். பொருளின் பெறுமதி இருக்குமா? எந்த நிலையில் கொடுத்தீர்கள் என்று இருக்குமா?

நெல்லியடி: கூரியர்காரன் என் ரிவியை எறிஞ்சவன். பஸ்காரன் எறியவில்லை.

அரியாலை: அவர் சொல்வது சரி. பஸ்காரனை எனக்கு முகம் தெரியும்.

முகம் தெரிந்தால் நட்டஈடு வராது அண்ணை. சரி, நானே சொல்கிறேன். ஒரு முறை அவசரத்துக்கு அம்பிளிபயர் ஒன்றை நானும் பஸ்சில் போட்டேன். வெள்ளவத்தையில் இறங்கியது யாரோ ஒருவரின் பனங்கிழங்கு மூட்டை. எங்கள் அம்பிளிபயர் மூன்று நாள் பஸ்சிலேயே போய்ப் போய் வந்தது. கிடைத்தது, உண்மை. கைப்பிடி இல்லாமல். கொம்பனி அதைக் காட்டி வாரண்டியை மறுத்தது, என்னிடம் படமும் இல்லை. படம் எடு படம் எடு என்று நான் கத்துவது அன்றிலிருந்துதான்.

நெல்லியடி: பிழை உங்களில், பஸ்சில் இல்லை.

ஒத்துக்கொள்கிறேன். ஒடியல், கருவாடு, முருங்கைக்காய், சலவை இயந்திரத்தின் மின்சுற்றுப் பலகை வரைக்கும் பஸ் நல்லது, மலிவு, கூரியரை விட வேகம். பழுதான பற்றரி உள்ள பொருள் மட்டும் வேண்டாம். நாற்பது பேர் நித்திரை கொள்ளும் இருக்கைக்குக் கீழே அது போகிறது. இதில் நான் இறங்கி வர மாட்டேன்.

திருநெல்வேலி: கனடாவிலிருந்து அண்ணா கொண்டுவந்த கமரா. அங்கேதான் வாரண்டி. அனுப்பித் திருப்பி எடுக்கும்போது வரி விழுமா?

விழாமல் செய்ய வழி போகும்போதுதான் இருக்கிறது, வரும்போது இல்லை. திருத்துவதற்காகத் தற்காலிகமாக ஏற்றுமதி செய்கிறேன் என்று, தொடரிலக்கத்தோடு சுங்கத்தில் முதலே பதியுங்கள். இல்லாவிட்டால் திரும்பி வரும்போது அது அவர்களுக்குப் புதுக் கமரா. "அன்பளிப்பு, 10 டொலர்" என்று எழுதச் சொல்லும் ஆட்களையும் கேட்காதீர்கள். தொலைந்தால் காப்புறுதி தருவது அந்தப் 10 டொலர்தான். அண்ணா அடுத்த கோடைக்கு வருவார் என்றால் அவர் கையில் கொடுத்துவிடுவது இதெல்லாவற்றையும் விட நல்லது.

சாவகச்சேரி: சோலார் பற்றரி 51.2 வோல்ட், 100 அம்பியர்-மணி. அனுப்பலாமா?

பெருக்கிப் பாருங்கள், 5,120 வாட்-மணி. பூட்டினவரை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள்.

இணுவில்: பெட்டி இல்லாமல் அனுப்பினால்…

மேலே மானிப்பாய்.

கோண்டாவில்: ஐபோன் அனுப்பினேன், திருத்தாமல் திருப்பிவிட்டார்கள். ஏன்?

தொலைந்த போனைத் தேடும் "ஃபைண்ட் மை"யை நிறுத்தாமல் அனுப்பியிருப்பீர்கள். அதை நிறுத்தாவிட்டால் பல இடங்களில் கை வைக்க மாட்டார்கள்.

கரவெட்டி: ரிவி வந்த பெட்டியை மழைக்கு ஆட்டுக்கொட்டிலில் விரித்துவிட்டோம். இப்போது ரிவி பழுது.

ஆடு படுக்காத பக்கத்தைத் தேடுங்கள் அக்கா. தொடரிலக்கச் சீட்டு ஒட்டியிருப்பது பெரும்பாலும் பக்கவாட்டில்.