முதல் கோடை மழைக்கே ஏரி மீன் செத்து மெதக்குது, தேளி விடலாமா?

கேள்வி: சார் வணக்கம், பெங்களூருல கே.ஆர்.புரம் தாண்டி ஒரு 20 ஏக்கர் ஏரில நாங்க 8 பேர் சேந்து மீன் பிடிக்க லீஸ் எடுத்திருக்கோம். போன ஆகஸ்ட்ல கட்லா, ரோகு, மிர்கால் கலந்து 40,000 குஞ்சு விட்டோம். மே மாசம் நல்லா எடை ஏறுனப்புறம் மொத்தமா பிடிக்கலாம்னு இருந்தோம், ஏப்ரல்ல ஒரே ஒரு மழைதான் சார், மறுநாள் விடிஞ்சா கரை பூரா மீன். யாரோ விஷம் கலந்துட்டாங்கனு பசங்க சொல்றாங்க. ஒருத்தர் தேளி மீன் விடுங்க, அது எதுக்கும் சாகாதுங்கறார். அடுத்த வருஷமாவது போட்ட காச எடுக்க வழி சொல்லுங்க.

பதில்: தம்பி, படிச்சதும் மனசு கஷ்டமா போச்சு, 8 குடும்பத்தோட ஒரு வருஷ உழைப்பு ஒரே ராத்திரில போயிருக்கு. மொதல்ல விஷம்ங்கற சந்தேகத்த தீத்துக்கலாம். செத்ததுல பெரிய மீன்தான அதிகம்? வாய பொளந்துக்கிட்டு செவுள விரிச்சுக்கிட்டு செத்திருந்துச்சா, விராலும் நாட்டு கெளுத்தியும் பெருசா சாகாம இருந்துச்சா? ஆமான்னா அது பெரும்பாலும் விஷம் இல்ல, ஆக்சிஜன் தீந்து போச்சு. விரால், கெளுத்தி ரெண்டும் மேல வந்து காத்தயே நேரா இழுத்துக்கும், கட்லாவுக்கு அந்த வசதி கிடையாது. விஷம்னா பெருசு சிறுசு பாக்காது, தவள நத்தை கூட சேந்து போகலாம், அதுக்கு விடியக்காலைதான்னு ஒரு நேரமும் கிடையாது.

ஒரு மழைல எப்படி தீரும்னு கேப்பீங்க. நம்ம ஊரு ஏரிக்கு மழைத்தண்ணி மட்டுமா வருது, வீட்டு சாக்கடையும்தான் வருது. டிசம்பர்ல இருந்து மார்ச் வரைக்கும் மழையே இல்லாம ராஜகாலுவேல, அதான் ஏரிக்கு தண்ணி கொண்டு வர்ற பெரிய மழைநீர் கால்வாய்ல, கழிவு, குப்ப, சேறு எல்லாம் படிஞ்சு கெடக்கும், ஏப்ரல்ல இடியோட ஒரு மழ கொட்டுனா 4 மாச அழுக்கும் ஒரே மணி நேரத்துல ஏரிக்குள்ள வந்து விழுது. அதோட ஏரி அடில இருக்கற கருப்பு சேத்தையும் கலக்கி விட்டுடும். இது அத்தனையும் மக்கறதுக்கு ஆக்சிஜன் வேணும், தண்ணில இருக்கறதத்தான் எடுத்துக்கும். கோடைல தண்ணில ஆக்சிஜன் நிக்கறதே கம்மி, கடல் மட்டத்துலயே 30 டிகிரி தண்ணி லிட்டருக்கு ஏழரை மில்லிகிராம்தான் பிடிக்கும், பெங்களூரு 900 மீட்டர் உயரத்துல இருக்கறதால அதுலயும் பத்துல ஒரு பங்கு போயிடும். ராத்திரி பாசியும் ஆக்சிஜன இழுக்க ஆரம்பிச்சா விடியக்காலை 4, 5 மணிக்கு ஒண்ணுமே மிஞ்சாது. கெண்டை மீனுக்கு 5 மில்லிகிராம் இருந்தா நல்லது, 3க்கு கீழ போனாலே தவிக்கும். 2016 மார்ச்ல அல்சூர் ஏரில ஆயிரக்கணக்குல மீன் செத்து ஒதுங்குச்சே, அங்கயும் கழிவும் ஆக்சிஜன் கொறைஞ்சதும்தான் பேச்சு.

அதனால நான் சொல்ல வர்றது ஒண்ணுதான். கிராமத்து ஏரில தண்ணி வத்த வத்த மே மாசம் பிடிப்பாங்க, அந்த கணக்கு நகரத்து ஏரிக்கு ஆகாது. மாசி முடியறதுக்குள்ள உங்க மீன்ல முக்கால்வாசி கரை ஏறியிருக்கணும். இன்னும் ரெண்டு மாசம் விட்டா அரை கிலோ கூடும்னு தோணும், அந்த அரை கிலோவுக்கு ஆசப்பட்டுத்தான் முழு மீனும் போகுது. விக்கறதுக்கும் அந்த நேரம் நல்லதுதான், பிப்ரவரி, மார்ச்ல ஆரம்பிச்சு ஈஸ்டர் வரைக்கும் தவக்காலம், சிவாஜிநகர், ஃப்ரேசர் டவுன் பக்கம் நம்ம கிறிஸ்தவ ஜனங்க நிறைய பேர் கறிய விட்டுட்டு மீனுக்கு வருவாங்க. ஆடி கடைசில இருந்து புரட்டாசி வரைக்கும் பாருங்க, சிராவணம்னு கன்னடக்காரங்க ஒரு பக்கம், புரட்டாசினு நம்ம ஆளுங்க ஒரு பக்கம், பாதி ஊரு வாங்காது.

பிப்ரவரிக்குள்ள எடை வரணும்னா விடற குஞ்சுலயே வேலைய ஆரம்பிக்கணும். நீங்க ஏக்கருக்கு 2,000 விட்டிருக்கீங்க, தீவனம் போடாம பாசிய நம்பி வளக்கற ஏரிக்கு அது ரொம்ப ஜாஸ்தி தம்பி. ஏக்கருக்கு 800 போதும், 20 ஏக்கருக்கு 16,000. மிச்சப்படற காசுல பெரிய குஞ்சா வாங்குங்க. வெரல் நீளத்துக்கு கம்மியா இருந்தா விராலும் நீர்க்காகமும் தின்னுட்டு போயிடும். வளராம நெருக்கி வெச்சு ஒரு வருஷம் ஆன குஞ்சு, 50 கிராம் 100 கிராம்ல கிடைக்கும், அத விட்டா சாப்பாட்ட பாத்ததும் மளமளன்னு ஏறும், விலை ஜாஸ்திதான் ஆனா ஆறு மாசத்துல பிடிக்கற மீனா ஆயிடும். நல்ல குஞ்சு எங்க கிடைக்கும்னு உங்க மீன்வளத்துறை ஆபீஸ்லயும், ஹெசரகட்டால இருக்கற மத்திய நன்னீர் மீன் வளர்ப்பு ஆராய்ச்சி மையத்துலயும் ஜூன்லயே விசாரிச்சு சொல்லி வெச்சிருங்க. பத்துல நாலு கட்லா, நாலு ரோகு, மிர்காலும் சாதா கெண்டையும் சேத்து ரெண்டு பங்கு, அவ்ளோதான். அடில சேறு கட்டி கெடக்கற ஏரில அடித்தளத்துல மேயற மீன ஜாஸ்தி விடாதீங்க, ஆக்சிஜன் மொதல்ல தீர்றது அங்கதான். கட்லா, ரோகு, மிர்கால் மூணும் ஓடற தண்ணிலதான் முட்ட போடும், ஏரில குஞ்சு பொரிச்சு பெருகும்னு எதிர்பாக்காதீங்க, வருஷா வருஷம் விட்டே ஆகணும். சாதா கெண்டை மட்டும் செடில முட்டய ஒட்ட வெச்சு தானா பெருகும்.

எப்ப விடறதுன்னா, ஜூன் மொத மழைக்கு அவசரப்படாதீங்க, நாலஞ்சு மழ வந்து காலுவே கழுவி போகட்டும். அப்புறம் கொசுவலைல ஹாப்பா, அதாவது தண்ணில கட்டற வலைக்கூண்டு தெச்சு, ஏரில ரெண்டு மூணு எடத்துல கட்டி, ஒவ்வொண்ணுலயும் 20 குஞ்சு போட்டு 2 நாள் பாருங்க. பொழச்சு துள்ளுச்சுன்னா மிச்சத்த கொண்டு வாங்க, இல்லன்னா ஒரு வாரம் தள்ளி போடுங்க, இந்த ஒரு வேலைய யாரும் செய்ய மாட்டேங்கறாங்க, எனக்கு அதுதான் வருத்தம். குஞ்சு பைய அப்படியே 15, 20 நிமிஷம் தண்ணில மெதக்க விட்டு, ஏரித்தண்ணிய கொஞ்சம் கொஞ்சமா உள்ள விட்டு அப்புறம் தெறங்க. உங்க ஏரில விநாயகர் கரைக்கறாங்கன்னா அந்த ஓரமா விடவே வேணாம். செப்டம்பர் அக்டோபர்ல கோடி போகும், அதாவது ஏரி நெறஞ்சு வழியும், அப்ப குஞ்சு வெளிய ஓடிடும்னு பொடிக்கண்ணு வலைய கட்டிடாதீங்க, குப்ப அடச்சு தண்ணி பின்னாடி ஏறி வீட்டுக்குள்ள போனா மொத பழி உங்க மேலதான். பெரிய கண்ணு வலைய சாய்வா கட்டி, மழ ராத்திரில ஒரு ஆள் நின்னு குப்பய எடுத்துக்கிட்டே இருக்கணும். இதுக்கும்தான் பெரிய குஞ்சா விடுங்கன்னு சொன்னேன்.

நவம்பர் கடைசில இருந்தே பெரிய கண்ணு செவுள் வலை போட்டு பெருசு மட்டும் எடுங்க, எடுக்க எடுக்க மிச்சத்துக்கு எடமும் காத்தும் கிடைக்கும். டிசம்பர் ஜனவரி குளுருக்கு மீன் சாப்பாட்ட கொறச்சுக்கும், எடை நிக்கும், பயப்பட வேணாம். மார்ச்ல இருந்து விடியக்காலை 5 மணிக்கு ஒருத்தர் கரைய சுத்தி வரணும். மீன் மேல வந்து வாய தெறந்து தெறந்து மூடுதா, நத்தை கரை ஏறுதா, அழுகுன முட்ட வாசம் வருதான்னு பாக்கணும். ஆக்சிஜன் பாக்கற கிட் ஒண்ணு வாங்கி வெச்சுக்கங்க. அந்த மாதிரி தெரிஞ்சா அன்னிக்கே வலைய எறக்கி உயிரோட இருக்கறத பிடிச்சுடுங்க, பம்பு இருந்தா ஏரித்தண்ணியவே எடுத்து மேல இருந்து பீச்சி அடிங்க. கோழிக்கழிவு சாணம் எதுவும் ஏரில போடாதீங்க. செத்து மெதக்கறத மட்டும் விக்காதீங்க தம்பி, கை கூப்பி கேக்கறேன், சுண்ணாம்பு போட்டு பொதச்சிடுங்க.

மறுபடி செத்தா இன்னொண்ணு ஞாபகம் வெச்சுக்கங்க. ஆபீசருங்க வந்து தண்ணி எடுக்கறதுக்குள்ள மதியம் ஆயிடும், அப்ப வெயில்ல பாசி ஆக்சிஜன் விட்டு 7, 8 காட்டும், ரிப்போர்ட்ல ஆக்சிஜன் நல்லாத்தான் இருக்குன்னு வந்துடும், உங்களால ஒண்ணும் பேச முடியாது. அதனால 6 மணிக்குள்ள கிட்ல அளந்து, நேரம் தெரியற மாதிரி போன்ல வீடியோ எடுத்து, காலுவே உள்ள வர்ற வாய்லயும் ஒரு வீடியோ எடுத்து, மீன்வளத்துறை, மாசு கட்டுப்பாட்டு வாரியம், ஏரிய பாத்துக்கற இன்ஜினியர் மூணு பேருக்கும் அன்னிக்கே எழுத்துல குடுங்க. மீன் உரிமம் ஒரு துறை, ஏரி இன்னொரு துறை, சாக்கடை மூணாவது ஆபீஸ், ஒருத்தருக்கு மட்டும் சொன்னா அடுத்தவங்கள கைகாட்டிடுவாங்க.

கொல்கத்தா கிழக்கு ஈரநிலத்துல சாக்கடத் தண்ணிலயேதான் காலகாலமா மீன் வளக்கறாங்க, இங்க மட்டும் ஏன் சாகுதுன்னு பல பேர் கேக்கறாங்க. அங்க ஆழம் கம்மி, வெயில் அடி வரைக்கும் எறங்கும், எவ்ளோ தண்ணி உள்ள விடணும்ங்கறது மீன்காரங்க கைல இருக்கு. இங்க ராஜகாலுவேதான் முடிவு பண்ணுது. ஜக்கூர் ஏரில சுத்திகரிப்பு நிலையத்து தண்ணி ஈரநிலத்துச் செடிங்க வழியா வந்து ஏரில சேருது, அங்க மீன்காரங்க பொழைக்கறாங்க. உங்க ஏரி வாய்லயும் அந்த மாதிரி கொஞ்சம் கோரை, சம்பு விட்டு வெக்க முடியுமான்னு ஏரி கமிட்டில விடாம கேளுங்க. ஃபேக்டரி கழிவு வர்ற ஏரின்னா மட்டும் நான் மீனே விட மாட்டேன், உலோகம் மீன் உடம்புல தங்கிடும், அத எந்த கழுவலும் எடுக்காது.

தேளி விஷயத்துக்கு வர்றேன். அவர் சொல்றது ஆப்பிரிக்க கெளுத்தி, 2000லயே மத்திய அரசு தடை பண்ணது, பிடிபட்டா லீசே போனாலும் போயிடும். சாகாதுங்கறது நிஜம்தான், அதுதான் அதோட ஆபத்தும். குஞ்சு, தவள, நாட்டு மீன் எதையும் விட்டு வெக்காது, ஏரி ஒரு தடவ கோடி போனா வெளிய போயிடும். உங்க பக்கத்து ஏரித்தண்ணி எங்க போகுது? தக்ஷிண பினாகினில சேந்து ஓசூர் கெலவரப்பள்ளி அணைக்கு, அதாவது நம்ம தென்பெண்ணைக்கு. அங்க கீழ வலை போட்டு பொழைக்கறவங்களும் உங்கள மாதிரி ஆளுங்கதான். வேணாம் தம்பி.

இப்ப ஏரில உயிரோட என்ன மிஞ்சியிருக்குன்னு இந்த வாரமே ரெண்டு வலை போட்டு பாத்துட்டு, எத்தன வந்துச்சு, என்ன எடைன்னு எழுதி அனுப்புங்க, அத வெச்சு இந்த ஜூலைக்கு எவ்ளோ குஞ்சு வாங்கணும்னு கணக்கு போட்டு சொல்றேன்.