வாசகர் கேள்வி – பதில்: ஓவியத்தின் அருகே ஒரு ட்ரம்பெட்

சென்ற இதழில், பெரம்பூரைச் சேர்ந்த ஓவிய மாணவர் ஒருவர் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரத்தின் பழைய ஜாஸ் இசைக்கலைஞர்களைப் பன்னிரண்டு உருவப்படங்களாக வரைந்து, டிசம்பரில் தம் குடியிருப்பு நலச் சங்கக் கூடத்தில் காட்சிக்கு வைத்து, அதே மாலையில் ஒரு குழுவை நேரில் வாசிக்கச் செய்யப்போகிறார் என்று எழுதியிருந்தோம். அதையொட்டி வந்த கடிதங்களில் நான்கை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறோம்.

கேள்வி: அந்த மாணவன் என் மகன்தான். கண்காட்சியைக் காலையிலும் கச்சேரியை வேறொரு நாளிலும் வைத்தால் செலவும் அலைச்சலும் குறையும் என்கிறேன். அவன் பிடிவாதமாக மறுக்கிறான். இரண்டையும் ஏன் சேர்க்க வேண்டும்?
— ஒரு தந்தை, பெரம்பூர்

பதில்: ஐயா, இந்த விஷயத்தில் உங்கள் மகன் பக்கம்தான் நான். ஓவியமும் ஜாஸும் ஒரே அறையில் இருந்ததற்கு முன்னுதாரணம் நியூ ஆர்லியன்ஸிலேயே இருக்கிறது. இன்று உலகம் முழுவதும் பெயர் பெற்றிருக்கும் பிரிசர்வேஷன் ஹால் என்ற ஜாஸ் கூடம், தொடக்கத்தில் செயின்ட் பீட்டர் தெருவில் இருந்த ஓர் ஓவியக் கடை. அதை நடத்திய லாரி போரன்ஸ்டைன் மாலை வேளைகளில் கடையை விட்டு நகர முடியாததால் கச்சேரிகளுக்குப் போக இயலாமல் தவித்தார். ஆகவே 1950களில், ‘ஒத்திகை’ என்ற பெயரில், இசைக்கலைஞர்களைக் கடைக்கே வரவழைத்து வாசிக்கச் சொன்னார். நிறப் பிரிவினைச் சட்டங்கள் நடப்பில் இருந்த அந்நகரத்தில், ஓவியங்களுக்கு நடுவே கறுப்பினக் கலைஞர்கள் வாசிக்க, யார் வேண்டுமானாலும் வந்து கேட்கலாம் என்பது சிறிய காரியமல்ல. 1961இல் ஆலன் ஜாஃபி, சாண்ட்ரா ஜாஃபி தம்பதியர் பொறுப்பேற்ற பிறகுதான் அது முழுநேர இசைக்கூடமாக மாறியது.

அப்போது அங்கு வாசித்தவர்களில் பலர் அறுபதையும் எழுபதையும் கடந்த முதியவர்கள். அவர்களை வரைய நோயல் ராக்மோர் என்ற ஓவியரைப் போரன்ஸ்டைன் அமர்த்தினார். சிறுவயதில் வயலின் பயின்றவரான ராக்மோர், வாசிப்பைக் கேட்டு, களைத்த தோள்களையும் வீங்கிய விரல் கணுக்களையும் அப்படியே தீட்டினார். அந்த உருவப்படங்கள் 1968இல் நூலாகவும் வந்தன. காலண்டரில் அச்சிடப்படும் சாமி படம் போல ஒளிவட்டம் சூட்டாமல், நேற்று இரவு வாசித்துவிட்டு இன்று மாலை மறுபடியும் வாசிக்கப்போகும் மனிதர்களாக அவர்களைக் காட்டியதுதான் அவற்றின் சிறப்பு என்பது என் எண்ணம்.

உங்கள் மகனுக்கு அந்தப் பேறு இல்லை; அவர் வரையவிருக்கும் எல்லோரும் காலமாகிவிட்டவர்கள். அதனால்தான் சொல்கிறேன், படத்துக்கு அருகே உயிருள்ள ஒருவர் மூச்சுப் பிடித்து ஊதுவதைப் பார்த்த பிறகே, படச் சட்டத்துக்குள் இருக்கும் அந்த உப்பிய கன்னத்தின் பொருள் பார்வையாளருக்கு விளங்கும். வரையத் தொடங்கும் முன் ஒவ்வொருவரின் இசைத்தட்டுப் பதிவையும் அவர் ஒரு வாரமாவது கேட்கட்டும்.

யாரை வரைவது என்பதிலும் ஒரு சொல். லூயி ஆம்ஸ்ட்ராங்கை எல்லோரும் வரைகிறார்கள். கைக்குட்டை, சிரிப்பு, ட்ரம்பெட் என்று மூன்றே கோடுகளில் அவர் வந்துவிடுவார். அவரைக் கடைசிக்கு வைத்துக்கொண்டு, கிளாரினெட் கலைஞர் ஜார்ஜ் லூயிஸிடமிருந்து தொடங்கலாம். 1900இல் பிறந்த அவர் துறைமுகத்தில் சுமை இறக்கும் தொழிலாளி. ராயபுரத்திலும் காசிமேட்டிலும் இருப்பவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். 1944இல் வேலையில் மார்பு நசுங்கும் அளவுக்கு அடிபட்டு அவர் படுத்திருந்தபோது, நண்பர்கள் கருவிகளோடு வீட்டுக்கே வந்து கட்டிலருகில் உட்கார்ந்து வாசித்தார்கள். ‘பர்கண்டி ஸ்ட்ரீட் ப்ளூஸ்’ என்ற அவருடைய புகழ்பெற்ற பதிவு அங்கேதான் பிறந்தது. பியானோக் கலைஞர் எம்மா பாரெட் சிவப்புத் தொப்பி அணிந்து, காலில் கட்டிய வார்களில் சிறு மணிகளைத் தொங்கவிட்டு, நம் சலங்கையைப் போலத் தாளத்துக்கு ஒலிக்கச் செய்தவர். 1967இல் பக்கவாதத்தால் இடப்பக்கம் செயலிழந்த பிறகும் வலக்கையால் மட்டும் வாசித்துக்கொண்டிருந்தார். பங்க் ஜான்சன் பல் போனதால் ட்ரம்பெட்டையே விட்டுவிட்டு, சிற்றூர் ஒன்றில் கூலி வேலை பார்த்தவர். ஆர்வலர்கள் அவரைத் தேடிக் கண்டுபிடித்துப் பல் செட்டும் கருவியும் வாங்கிக் கொடுக்க, 1942இல் முதன்முதலாகத் தம் வாசிப்பைப் பதிவு செய்தார். அந்தப் பல் செட்டைச் செய்துகொடுத்த மருத்துவர், புகழ்பெற்ற ஜாஸ் கலைஞர் சிட்னி பெஷேயின் அண்ணன்.

கேள்வி: பழைய கறுப்பு வெள்ளைப் புகைப்படங்களைப் பார்த்து வரைபவர்கள் எந்தத் தவறுகளில் கவனமாக இருக்க வேண்டும்?
— ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர், கொருக்குப்பேட்டை

பதில்: முதலில் கைகளைப் பாருங்கள். ட்ரம்பெட்டின் வால்வுகளை அழுத்துவது வலக்கை விரல்கள். ட்ரோம்போனின் குழாயை நீட்டி மடக்குவதும் வலக்கையே. கிளாரினெட்டில் இடக்கை மேலேயும் வலக்கை கீழேயும் இருக்கும். அச்சில் இடவலம் மாறிய புகைப்படங்கள் ஏராளமாக உலவுவதால், இதைச் சரிபார்க்காமல் வரைந்தால் கச்சேரிக்கு வந்த கலைஞரே முதல் ஆளாகச் சிரித்துவிடுவார். ஜாஸின் முன்னோடியாகக் கருதப்படும் பட்டி போல்டனுக்கு எஞ்சியிருப்பது ஒரே ஒரு குழுப் புகைப்படம்தான். அதை எந்தப் பக்கமாகத் திருப்பி அச்சிட்டாலும் குழுவில் யாராவது ஒருவர் இடக்கைக்காரராகத் தெரிவதால், எது சரி என்ற வாதம் நீண்ட காலம் நடந்தது. அவருடைய வாசிப்பு ஒலிப்பதிவாகவும் கிடைக்கவில்லை. போல்டனை வரைவதாக இருந்தால், முகத்தைத் தெளிவாக்க முயலாமல் மங்கலாகவே விட்டுவிடுவது நேர்மை.

மற்றொன்று, அளவு. கச்சேரிக் கூடத்தில் படத்தைப் பின்வரிசையிலிருந்தும் பார்ப்பார்கள். சினிமா பேனர் வரைந்த நம் ஊர்க் கலைஞர்கள் கட்டம் போட்டுப் பெரிதாக்கிய முறையையும், தூரத்துப் பார்வைக்காக நிழலை அழுத்தமாக வைத்த கையையும் ஃபிளெக்ஸ் வந்து ஓரங்கட்டிவிட்டது. அவர்களில் ஒருவரிடம் அந்த மாணவர் இரண்டு நாள் உட்கார்ந்து கற்றுக்கொண்டால், கல்லூரியில் கிடைக்காதது கிடைக்கும்.

கேள்வி: ஜாஸ் என்பது நட்சத்திர ஓட்டலில் பணக்காரர்கள் கேட்கும் சங்கீதம். கானாவும் பறையும் பேண்டு செட்டும் இருக்கும் வடசென்னையில் அயல்நாட்டு முகங்களை மாட்டிக் கொண்டாடுவது எதற்கு?
— வாசகி, வியாசர்பாடி

பதில்: அம்மா, ஓட்டல் இசை என்று நீங்கள் நினைப்பதற்குக் காரணம் உண்டு. 1930களில் பம்பாயின் தாஜ் மஹால் ஓட்டல் போன்ற இடங்கள் வழியாகத்தான் ஜாஸ் இந்தியாவில் பரவியது. பெரம்பூர் ரயில்வே குடியிருப்புகளின் ஆங்கிலோ இந்தியர்களைத் தவிர நம் பக்கத்தில் மேற்கத்திய நடன இசையை வீட்டு இசையாகக் கொண்டவர்கள் குறைவு. ஆனால் பிறந்த இடத்தில் அது தெருவின் இசை. அடிமைகளாக இருந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் கூலி வேலைக்கு நடுவே உருவாக்கியது.

நியூ ஆர்லியன்ஸில் ஒருவர் இறந்தால், மாதச் சந்தா கட்டும் உதவிச் சங்கங்கள் அடக்கச் செலவை ஏற்று, பித்தளைக் கருவிக் குழுவை அமர்த்துவது வழக்கம். கல்லறைக்குப் போகும்போது மெதுவான பக்திப் பாடல்கள். சிறு முரசின் ஓசை அடங்கி ஒலிக்கக் கைக்குட்டையைச் செருகிவைப்பார்கள். அடக்கம் முடிந்து சற்றுத் தள்ளி வந்ததும் கைக்குட்டையை உருவிவிட்டுத் துள்ளலான பாட்டைத் தொடங்க, பின்னால் வரும் கூட்டம் குடையை விரித்து ஆடும். சிறுவயதில் புளியந்தோப்பிலிருந்து மூலக்கொத்தளம் சுடுகாடு நோக்கிப் போகும் இறுதி ஊர்வலங்களில், பறையைத் தீயில் காட்டி விறைப்பேற்றுவதை நின்று பார்த்தவன் நான். இந்த வருணனையை முதலில் படித்தபோது யாரோ எங்கள் தெருவைப் பற்றி எழுதியிருப்பதாகவே தோன்றியது. ஒரு வேறுபாட்டையும் சொல்லிவிட வேண்டும். நம் ஊரில் ஆட்டம் சுடுகாட்டுக்குப் போகும் வழியில். அங்கே திரும்பும் வழியில். அடிமை முறையும் சாதியும் ஒன்றல்ல என்பதால், ஒற்றுமையை அதற்கு மேல் இழுக்கவும் நான் விரும்பவில்லை.

உங்கள் கேள்வியின் உள்ளே இருக்கும் மனக்குறை நியாயமானது. எனவே அந்த மாணவருக்கு ஒரு வேண்டுகோள்: பன்னிரண்டில் மூன்று படச் சட்டங்களை நம் பேண்டு செட் கலைஞர்களுக்கு ஒதுக்குங்கள். வயதான ட்ரம்பெட் வாசிப்பவரோ கிளாரினெட் வாசிப்பவரோ நடந்துபோகும் தூரத்தில் இருப்பார். அவரை எதிரில் உட்கார வைத்து வரையலாம், அவர் பேச்சையும் கேட்கலாம், திறப்பு விழாவில் அவரே வாசிக்கவும் செய்யலாம். உட்கார்ந்த நேரத்துக்கும் வாசித்த நேரத்துக்கும் தனித்தனியாகப் பணம் கொடுக்க வேண்டும், பொன்னாடை கூலியாகாது.

கேள்வி: கூடத்தில் ஒலிபெருக்கி எத்தனை வைக்கலாம்? இந்தப் பாடல்களை வாசிக்க அனுமதி வாங்க வேண்டுமா?
— நலச் சங்கச் செயலாளர், பெரம்பூர்

பதில்: நூறு பேர் அமரும் கூடத்துக்கு ஒன்றும் வேண்டாம். ட்ரம்பெட் மெட்டைச் சொல்ல, கிளாரினெட் அதைச் சுற்றி மேலே பின்ன, ட்ரோம்போன் கீழிருந்து தாங்க, மூவரும் ஒரே நேரத்தில் மனோதர்மமாக வாசிப்பதே மரபு ஜாஸ். ஒலிபெருக்கி வைத்தால் மூன்றும் ஒன்றோடொன்று குழம்பி இரைச்சலாகிவிடும். பிரிசர்வேஷன் ஹாலிலும் ஒலிபெருக்கி இல்லாமல் வாசிப்பதே வழக்கம். பாடகருக்கு மட்டும் ஒரு மைக் வைத்தாலும், இரவு 10 மணிக்குள் முடித்துவிடுங்கள்.

நம் நாட்டுச் சட்டப்படி, பொதுவாக, ஓர் இசைப் படைப்பின் உரிமை இயற்றியவர் மறைந்து 60 ஆண்டுகள் வரையிலும், புகைப்படத்தின் உரிமை வெளியானதிலிருந்து 60 ஆண்டுகள் வரையிலும் நீடிக்கும். 1938இல் மறைந்த கிங் ஆலிவர், 1941இல் மறைந்த ஜெல்லி ரோல் மார்ட்டன் ஆகிய ஜாஸ் கலைஞர்கள் தாமே இயற்றியவற்றையும் பழைய பக்திப் பாடல்களையும் தேர்ந்தெடுத்தால் சிக்கல் இல்லை. அண்மைக் காலப் புகைப்படத்தைப் பார்த்து வரைந்திருந்தால், எடுத்தவரிடம் எழுத்தில் அனுமதி பெற்றுவிடுங்கள். கூடத்தின் ட்யூப்லைட்டுகளைப் படங்களுக்கு நேர் எதிரே எரியவிடாமல் பக்கவாட்டில் இரண்டு விளக்குகள் வையுங்கள். வார்னிஷ் பூசிய படம் எதிர்வெளிச்சத்தில் பளபளத்து முகமே தெரியாமல் போகும்.