பாம்பன் சுவர்ப் பட்டியல்: ஸ்டீவன்சனை எடுத்துடுங்க

தம்பி, பாம்பன் பயிற்சிக்கூடச் சுவரில் நாட்டுக்கு ஒரு தொழில்முறைக் குத்துச்சண்டை வீரர் பெயர் எழுதுறீங்க, கியூபாவுக்கு ஸ்டீவன்சன்னு போட்டதும் தகராறுன்னு கேட்டிருக்கீங்க. தகராறு பண்ணினவர் சொல்றதுதான் சரி. தியோஃபிலோ ஸ்டீவன்சன் 1972, 1976, 1980 மூணு ஒலிம்பிக்கிலும் தங்கம் வாங்கினவர். தொழில்முறைக்கு, அதாவது காசுக்கு மோதுற சண்டைக்கு, வரவே இல்லை. அந்த இடத்துல கிட் சாக்லேட் எழுதுங்க. 1931இல் கியூபாவுக்கு முதல் உலகப் பட்டம் அவரால்தான்.

லெனாக்ஸ் லூயிஸ்கிட்டயும் குழப்பம் வரும், எந்த நாட்டுக்குன்னு. 1988 சியோல் தங்கம் கனடாவுக்கு, தொழில்முறைப் பட்டமெல்லாம் பிரிட்டனுக்கு. பிரிட்டன்னே போடுங்க.

பிலிப்பைன்ஸ் பக்கியாவ், எட்டு எடைப்பிரிவில் பட்டம். அதுல பேச்சே இல்லை. மெக்சிகோ சாவேஸ்: 89 வெற்றி, 1 சமன், அப்புறம்தான் 1994இல் முதல் தோல்வி. அர்ஜென்டினாவுக்கு மொன்சோன், தாய்லாந்துக்கு 19 தடவை பட்டத்தைக் காத்த கவோசாய் கேலக்ஸி. அமெரிக்காவுக்கு என் ஓட்டு சுகர் ரே ராபின்சன். முகமது அலி ரசிகர்கள் அடிக்க வருவாங்க, வரட்டும். நம்ம விஜேந்தர் சிங்கோட 2008 ஒலிம்பிக் வெண்கலம் அமெச்சூர் (தொழில்முறை அல்லாத) கணக்கு, 2015இல்தான் தொழில்முறை. அவருக்குத் தனி வரிசை.

ஜப்பானோட இனோவே, உக்ரைனோட உசிக் ரெண்டு பேரோட வெற்றி எண்ணிக்கையைப் பெயின்ட்ல எழுதாதீங்க, அடுத்த சண்டையில மாறிடும். சாக்பீஸ் போதும்.

சுவரை முதல்ல நல்ல தண்ணியில கழுவி நல்லாக் காயவிட்டு, பிரைமர் அடிச்சு, வெளிச்சுவர் எமல்ஷன் ரெண்டு கோட். டிஸ்டெம்பர் பூசினா, கடற்காத்து உப்போட அடிக்கிறப்போ பூத்து உரிஞ்சுடும். அது வேண்டவே வேண்டாம்.